கட்டிங் தெருக் கதவுகள்

இழைப்புளி என்று கேட்டால்தான் ஊரில் அவரை அடையாளம் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பெண்டாட்டிக்கே மறந்துபோய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி எந்நேரமும் கையிலேயே இருந்ததால், கருவியின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது.

தச்சர்தான். ஆனால் கட்டில், அலமாரி, மாடிப்படி என்று பெரிய வேலை எதையும் தொடமாட்டார். “பெரிய வேலை எடுத்தா பெரிய மனுஷங்களோட பேசணும். கதவுன்னா கதவோட மட்டும் பேசினாப் போதும்” என்பார். கதவு பிடிக்கிறது, தரையில் உரசுகிறது, சாத்தினால் திறக்கவில்லை என்று போன் வந்தால் மொபெட்டில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே படுக்கவைத்து, சரக் சரக்கென்று சீவித்தள்ளுவார். திரும்ப மாட்டிவிட்டுப் போனால் அந்தக் கதவு அதன்பிறகு முனகாது. அந்த வேலையிலேயே இரண்டு பெண்களை வளர்த்தார். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தார். இளையவளைத் தான் எட்டிக்கூடப் பார்த்திராத கல்லூரிக்கு அனுப்பினார். அவள் பட்டம் வாங்கிவிட்டாள், வேலை இன்னும் வாங்கவில்லை.

மழைக்காலம் அவருக்கு அறுவடைக் காலம். ஈரத்தில் மரம் உப்பும், கதவு பிடிக்கும், வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள், இவர் போவார். வெயில் ஏறினால் மரம் சுருங்கும். கதவும் சொன்னபடி கேட்கும், இவரும் வீட்டில் படுத்துக் கிடப்பார். ஆனால் அந்த வருஷம் தார் உருகுகிற வெயிலிலும் போன் ஓயவில்லை.

“ஏங்க, வெயில்ல கூடவா கதவு உப்பும்?” என்றாள் மனைவி. “இல்ல, யாராவது உங்களைப் பார்க்கணும்னு கதவைக் கெடுக்கிறாங்களா?”

“மரம்னா அப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்.”

“உங்களுக்கும்தான்.”

சொல்லிவிட்டாரே தவிர, அது மரத்தின் குணம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஈரத்தில் உப்பிய கதவு நெடுக்கப் பிடிக்கும். இந்தக் கதவுகளோ மேலே ஒரு மூலையில் மட்டும் பிடித்தன, கீழே எதிர்மூலையில் மட்டும் உரசின. அப்படியென்றால் கோளாறு கதவில் இல்லை, கதவைத் தாங்கும் நிலையில். நிலையிலும் இல்லை, நிலையைப் பிடித்திருக்கும் சுவரில். சுவருக்கு அப்பால் அவர் யோசிக்கவில்லை. அவருடைய தொழில் கதவோடு முடிந்தது. சீவினார், மாட்டினார், அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்படி அவர் சீவிய கதவுகளில் மூத்த மகள் வீட்டுக் கதவும் ஒன்று. அந்தக் கோடை தொடங்கியதிலிருந்து அதை இரண்டு முறை சீவியாகிவிட்டது. மகள் இருந்தது கட்டிங் தெருவில். முன்பக்கம் மாப்பிள்ளையின் சலூன், பின்பக்கம் ஓர் அறையும் சமையல்கட்டும்; உள்ளே போகக் கொல்லைக் கதவு ஒன்றுதான் வழி. அந்த அறையில் அவளும் மாப்பிள்ளையும், இப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்த பெண்குழந்தையும்.

கட்டிங் தெரு என்ற பெயருக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் இருந்தன. தெரு நெடுக முடிவெட்டும் கடைகள், அதனால் கட்டிங் தெரு என்பது ஒன்று. முனையில் உட்கார்ந்து ஒரு பாட்டிலை இரண்டாகப் பங்குபோடும் குடிகாரர்களால் வந்த பெயர் என்பது மற்றொன்று. சலூன்காரர்களுக்கு முதல் விளக்கம்தான் பிடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நகராட்சியில் இருந்த தமிழ்ப் பற்றாளர் ஒருவர் ஆங்கிலப் பெயர் எதற்கு என்று ‘முடிதிருத்துவோர் தெரு’ என்றே பலகை எழுதி நட்டுவிட்டார். அதற்குப் பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சந்தேகத்தைக் கிளப்பியது மேட்டுப்பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள். அவள் வீட்டுக் கதவு பிடிக்கிறது என்று இழைப்புளி போயிருந்தார். பார்த்தால் ஓடு ஒழுகி நனைந்த கதவு. நெடுக்கப் பிடித்தது. பல நாள் கழித்து ஒழுங்கான நோயாளியைப் பார்த்த வைத்தியர் போல அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது.

“உங்க கதவு நல்ல கதவும்மா. கட்டிங் தெருப் பக்கம் எல்லாம் கோணிக்கிட்டு நிக்குது” என்றார் சீவிக்கொண்டே.

“நிக்காம என்ன செய்யும்? குப்பை மேல வீட்டைக் கட்டினா கோணத்தான் செய்யும்.”

“குப்பையா?”

“எங்க மாமனார் ரயில்வே கேட்மேன். நான் வாழவந்தப்ப அந்த வழியா ரயில் போச்சு. சரக்கு வண்டி. நாங்க இருக்கிறது மேடு இல்லையா? ரயில் மேடேறுமா? அதனால மேட்டை நடுவுல வெட்டி, பள்ளமா வழி பண்ணியிருந்தாங்க. வண்டி உள்ள போனா புகை மட்டும்தான் மேல தெரியும். அந்த வெட்டுக்குப் பேருதான் கட்டிங்.”

இழைப்புளியின் கை நின்றது.

“கட்டிங்னா முடிவெட்டு இல்லையா?”

அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நல்லா இருக்கே! ரயில் முடி வெட்டிக்கவா வந்துச்சு? லைனை மூடினாங்க, தண்டவாளத்தைப் பிடுங்கிட்டுப் போனாங்க. அப்புறம் ஊர்க் குப்பை, சாம்பல், இடிச்ச வீட்டு மண்ணு, செத்த மாடு, எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டி மூடினாங்க. மேல ரோடு போட்டாங்க. பேரு மட்டும் மிஞ்சிச்சு. பேரைப் பார்த்து முதல்ல ஒருத்தன் சலூன் வச்சான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். இப்ப அவங்களாலதான் பேரு வந்துச்சுன்னு சொல்லிக்கிறீங்க.”

அவர் மிச்சக் கதவைச் சீவி முடித்தாரா, மாட்டினாரா என்பதெல்லாம் பிறகு அவருக்கு நினைவில்லை. மொபெட் தானாகவே கட்டிங் தெருவுக்குப் போய் நின்றது.

சலூனில் ஒரே கலவரம். நாற்காலியில் ஓர் இளைஞன் துண்டை உதறி எறிந்துவிட்டு மாப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றான்.

“வலப்பக்கக் கிருதா மேல ஏறி நிக்குது, இடப்பக்கக் கிருதா கீழ இறங்கிக் கிடக்குது. என்ன வெட்டுன நீ?”

“உங்க காதுதான் சார் ஏற்றத்தாழ்வா இருக்கு.”

“பொறந்ததுலேருந்து இதே காதுதான்யா! போன தடவை நேராத்தானே வெட்டின?”

வரிசையில் காத்திருந்த ஒருவர், “தம்பி, எனக்கும் அப்படித்தான் ஆச்சு. வீட்டுல கேட்டா தலையைச் சாய்ச்சுக்க, சரியாயிடும்னு சொல்றா” என்றார். கடையே சிரித்தது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கண் கோளாறு என்று போன வாரம்தான் கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தார். அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வாங்க மாமா. குடும்ப மானத்தைக் கொஞ்சம் காப்பாத்துங்க. நான் எப்படி வெட்டுறேன்னு நீங்களே பாருங்க” என்றார். சுவர்க் கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. சீப்பை அந்தத் தட்டுக்கு நேராகப் பிடித்து, அந்தக் கோட்டில் இரண்டு கிருதாவையும் வெட்டுவது மாப்பிள்ளையின் வழக்கம். கடை திறந்த நாளில் அந்தத் தட்டை அடித்துக்கொடுத்தவர் இழைப்புளிதான். ரசமட்டம் வைத்து, குமிழி அசையாமல் நடுவில் நிற்கும்வரை பார்த்துப் பார்த்து அடித்தது.

பெட்டியைத் திறந்து அதே ரசமட்டத்தை எடுத்துத் தட்டின்மேல் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டிப் பார்த்தார். அது திரும்பி வரவில்லை.

கடையில் சிரிப்பு தொடர்ந்துகொண்டிருந்தது. உள்ளே குழந்தை எதற்கோ கெக்கலித்தது.

அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் மாமனார் ஒரு விஷயத்தைச் சொல்வது என்ன சின்னக் காரியமா? ஆதாரம் இல்லாமல் வாயைத் திறந்தால், ‘என் கடையைப் பார்த்து இவருக்கு என்ன பொறாமை’ என்று போய் முடியும். மறுநாள் காலையில் சின்னவளை எழுப்பினார்.

“வண்டியில ஏறு. ஒரு ரயிலைத் தேடணும்.”

“எந்த ரயில்பா?”

“இல்லாத ரயில்.”

சின்னவள் தன் போனில் தேடிப்பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. “படிச்சவளா இருந்து என்ன பிரயோஜனம்? பிறந்ததிலேருந்து இந்த ஊர்ல இருக்கேன். ரயில் போன ஊருன்னுகூட எனக்குத் தெரியாது” என்றாள். அவள் எதற்குமே அப்படித்தான். தெரிந்ததைப் பற்றிப் பேசமாட்டாள், தெரியாததைப் பற்றித்தான் தன்னைக் குடைந்துகொள்வாள். அப்பாவுக்கு அது பாதி புரியும், பாதி புரியாது.

காய்கறி மார்க்கெட்டிலிருந்து தொடங்கினார்கள். கேட்மேன் வீட்டு அம்மாள் அதுதான் பழைய ஸ்டேஷன் என்று சொல்லியிருந்தாள். மார்க்கெட்டைத் தாங்கிய இரும்புத் தூண்கள், ஒரு மார்க்கெட்டுக்குத் தேவையில்லாத பூவேலைப்பாட்டோடு, ஒரே வரிசையில் போய்க்கொண்டே இருந்தன. வியாபாரிகள் மூட்டை அடுக்கியிருந்த மேடை தெருவிலிருந்து இடுப்பளவு உயரம். அதன் ஓரக் கல் தேய்ந்திருந்தது. சின்னவள் அதன்மேல் ஏறி நின்று, இல்லாத வண்டியை எதிர்பார்ப்பவள் போல ஒரு பக்கமாகப் பார்த்தாள். மேடை முடிகிற இடத்தில் ஒரு சந்து தொடங்கியது.

அந்தச் சந்தில் அவர் எத்தனையோ முறை போயிருக்கிறார். அது வளைகிறது என்பதை அன்றுதான் பார்த்தார். சந்து என்றால் சட்டென்று முழங்கை மடக்குவதுபோல் திரும்பும். இது அப்படி இல்லை. பெரிய வில்லைப்போல, அவசரமே இல்லாமல் வளைந்தது. வீட்டுச் சுவர்களும் கூடவே வளைந்தன. ஒரு வீட்டில் அலமாரியை மூலையில் வைக்கமுடியாமல் ஆப்பு வைத்துக் கொடுத்தது அவருக்கு நினைவு வந்தது.

“ரயிலால சட்டுனு திரும்பமுடியாதுப்பா” என்றாள் சின்னவள். “அது போன பிறகும் யாரும் திருப்பல.”

சந்து ஒரு பள்ளிக்கூட மதிலில் முட்டியது. மதிலின் மூலை சீவியதுபோல் சாய்வாக இருந்தது. மறுபக்கம் சுற்றிவந்து பிடித்தார்கள். பிறகு ஒரு பஸ் நிறுத்தம். பெயர் ‘பழைய கேட்’. கேட்டும் இல்லை, வாசலும் இல்லை. பழக்கடைக்காரரிடம் எந்தக் கேட் என்று கேட்டதற்கு, “அதெல்லாம் சும்மா பேருக்குத்தான்” என்றார்.

அதுவரைக்கும் தரை சமம். அதுவரைக்கும் ஒரு வீட்டில்கூட அவர் அந்தக் கோடையில் கதவு சீவவில்லை. கேட்டைத் தாண்டி மேடு ஏறத் தொடங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

“இந்தப் பச்சைக் கதவு, நான் சீவினது” என்றார்.

கொஞ்ச தூரம் போய், “இதுவும்” என்றார். பிறகு, “அந்த மாடி வீடு. அதுக்கடுத்தது. மாவு மில்லு. எதுத்த வீடு.”

அதற்குமேல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தார். கை ஒரு கோட்டைக் கிழித்ததுபோல் மேட்டில் ஏறியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த வீடுகளிலும் அந்தப் பக்கம் இருந்த வீடுகளிலும் அவருக்கு வேலை வந்ததில்லை. நடுவில் மட்டும்தான். சின்னவள் முதலில் “எல்லா ஊர்லயும்தான்பா கதவு பிடிக்கும்” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கை ஐந்தாறு முறை நீண்ட பிறகு அவளும் வீடுகளை எண்ணத் தொடங்கினாள்.

கட்டிங் தெருவில், மாப்பிள்ளையின் சலூன் வாசலில், கருங்கல்லால் ஆன ஒரு கட்டைச் சுவர் உண்டு. முழங்கால் உயரம். அதற்கு நேரே தெருவின் எதிர்ப்புறத்திலும் அதேபோல் ஒன்று. முடிவெட்டக் காத்திருப்பவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்கள். இப்படி ஒரு இருக்கையை யார் கட்டிவைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சின்னவள் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அப்பா, இது உட்காரக் கட்டினது இல்ல. பாலத்துக் கைப்பிடிச் சுவர்.”

“பாலம் எங்கே?”

“நாம நிக்கிறதுதான். இதுக்குக் கீழதான் ரயில் போயிருக்கு.”

சுவரின் அடியில், தார் அதைத் தொடுகிற இடத்தில், ஒரு வாய் திறந்திருந்தது. விரல் நுழையும் இடைவெளி. அவள் குனிந்து, கீழே கிடந்த சின்னக் கல் ஒன்றை அதற்குள் போட்டாள். கல் எதிலோ பட்டு உருண்டது. இன்னும் உருண்டது. பிறகு சத்தம் சிறுத்துப்போயிற்று. போய் நின்றதாகத் தெரியவில்லை.

மேலே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் காலைத் தூக்கி, “என்ன பாப்பா தேடுற? காசு விழுந்திடுச்சா?” என்றார்.

சின்னவள் நகராட்சிக்கு அலைந்து ஒரு இளம் இன்ஜினியரை அழைத்துவந்தாள். நல்ல மனிதர். தெருவின் கீழே தண்ணீர்க் குழாய் ரொம்ப நாளாகக் கசிந்திருக்கிறது, குப்பையைக் கரைத்துக்கொண்டு போயிருக்கலாம் என்றார். குழாயைச் சரிசெய்யச் சொன்னார். உள்ளே எவ்வளவு காலியாக இருக்கிறது என்று துளைபோட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதற்கு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார்.

“அதுவரைக்கும் இங்க இருக்கலாமா சார்?” என்று இழைப்புளி கேட்டார்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “எங்க அம்மாவை நான் இங்க தூங்கவிடமாட்டேன். ஆனா அதை எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல” என்றார்.

அன்று சாயங்காலமே இழைப்புளி மாப்பிள்ளையிடம் பேசினார். மனைவியையும் துணைக்கு அழைத்துப்போயிருந்தார். ரயில், வெட்டு, குப்பை, குமிழி எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கத்தரிக்கோலை இரண்டு முறை காற்றில் வெட்டினார்.

“மாமா, இந்தத் தெருவுல எத்தனை கடை? எல்லாரும் கிறுக்கனா? ரயிலு போயி ஒரு தலைமுறை ஆச்சு. இத்தனை நாள் விழாத தெரு, நான் கடை வச்ச நேரம் பார்த்தா விழப்போகுது?”

“கடையை மூடச் சொல்லலீங்க மாப்பிள்ளை. பகல்ல நடத்துங்க. படுக்க மட்டும் நம்ம வீட்டுக்கு வந்திடுங்க. புள்ளையும் அவளும் அங்கயே இருக்கட்டும்.”

“அங்கயா?” மாப்பிள்ளையின் முகம் மாறியது. “வீட்டோட மாப்பிள்ளையாவா? நாளைக்கு இதே தெருவுல நான் கத்திரி பிடிக்க வேணாமா? விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்க மாமா. இன்ஜினியரு எப்ப துளை போடுவாரு, எப்ப சரின்னு சொல்லுவாரு? அதுவரைக்கும் மாமியார் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டுக் கிடக்கணுமா?”

“சோறு அவ்வளவு மோசமாவா இருக்கும்?” என்று மாமியார் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மகள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். குழந்தை அவள் தோளில் தூங்கியது. “அப்பா, நீங்க பயந்து நான் பார்த்ததே இல்ல. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமா இருக்கு. ஆனா அவரை இங்க விட்டுட்டு நான் மட்டும் எப்படிப்பா வருவேன்?”

அவள் இடத்தில் அவள் அம்மா இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாள்.

சில நாள் கழித்து மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். குழந்தையைப் பாயில் போட்டுவிட்டுக் கொல்லையில் துணி காயப்போட வந்திருக்கிறாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பி வந்து தள்ளினால் அசையவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டிருக்கிறது. மாப்பிள்ளையும் இரண்டு வாடிக்கைக்காரர்களும் தோளால் இடித்துத் திறந்திருக்கிறார்கள்.

இழைப்புளி போனார். குழந்தையை ஒரு முறை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். கதவைப் பார்த்தார். மேல்மூலையில் மரம் நசுங்கியிருந்தது. பெட்டியைத் திறந்தார். இழைப்புளியை எடுக்கவில்லை, திருப்புளியை எடுத்தார். கீல்களைக் கழற்றி, கதவை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டினார்.

“எங்க மாமா கொண்டுபோறீங்க? இங்கயே சீவிடலாமே?”

“கதவு முறுக்கிக்கிச்சு மாப்பிள்ளை. இது சீவுற வேலை இல்ல. வீட்டுல போட்டு நிமிர்த்தணும்.”

“ராத்திரிக்குள்ள வந்திடுமா?”

“மரம் நம்ம பேச்சையா கேட்கும்?”

“கதவு இல்லாத வீட்டுல எப்படிப் படுக்கறது? நாய் நுழையும், திருடன் நுழைவான்.”

“அதான் நானும் யோசிக்கிறேன்” என்றார் இழைப்புளி, கயிற்றை இழுத்து முடிச்சுப்போட்டபடி. “ஒண்ணு ரெண்டு நாள் நம்ம வீட்டுல இருந்துக்கலாம். வேற வழி?”

வாழ்க்கையில் அவர் வேலை விஷயத்தில் சொன்ன முதல் பொய் அது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கதவு அவர் வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து நின்றது. அதன்மேல் ஒரு பழைய போர்வை. முதல் நாள் மரம் காயவேண்டும் என்றார். அடுத்து, சரியான கீல் கடையில் இல்லை என்றார். பிறகு தனக்கு இடுப்புப் பிடிப்பு என்று படுத்துக்கொண்டார். மனைவிக்கு எல்லாம் தெரியும். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, “இடுப்புல எந்தப் பக்கம்னு முதல்ல முடிவு பண்ணிக்கங்க. காலையில இடது, இப்ப வலது” என்று மட்டும் சொன்னாள்.

மகள் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. குழந்தைக்குப் புது இடம் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைதான் நெருப்பில் நின்றார். கடைக்குப் போனால் எதிர்க்கடைக்காரர்கள், “என்ன வீட்டோட மாப்பிள்ளை, மாமியார் இன்னைக்கு ஊட்டி விட்டாங்களா?” என்று கேட்டார்கள். கடையில் தலைகள் குறைந்தன. கோணல் கட்டிங் என்று பெயரே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே கை கழுவினார்.

ஒருநாள் மதியம் தள்ளுவண்டியோடு அவரே வந்து நின்றார். போர்வையை இழுத்தெறிந்தார். நசுங்கிய மூலை நசுங்கியபடியே இருந்தது.

“சீவவே இல்லையா மாமா?”

“இல்ல.”

“நிமிர்த்தவும் இல்ல.”

“கோணலே இல்லாததை எப்படி நிமிர்த்துறது?”

மாப்பிள்ளை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வாங்க. வந்து மாட்டிக் கொடுங்க. இது நான் உங்ககிட்ட கேட்கிற கடைசி உதவி” என்றார்.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாட்டிக் கொடுத்தால் மகளும் குழந்தையும் சாயங்காலமே அந்த அறைக்குப் போய்விடுவார்கள். மாட்ட மறுத்தால் மாப்பிள்ளை வேறு தச்சரைக் கூப்பிடுவார், அதோடு மாமனார் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். இரண்டில் எது நடந்தாலும் மகள் அந்தக் குழியின்மேல்தான்.

கதவை இருவருமாகத் தூக்கி நிலையில் வைத்தார்கள்.

அது உள்ளே போகவில்லை.

“கீழ கொஞ்சம் இறக்குங்க” என்றார் மாப்பிள்ளை. இறக்கினார். மேலே இடித்தது. சாய்த்தார்கள். பக்கத்தில் இடித்தது. கழற்றிய அன்று இறுகிக்கொண்டாவது நிலைக்குள் நின்ற கதவு, இப்போது நிலையைவிட இரண்டு விரல் அகலமாக நின்றது. மாப்பிள்ளை கதவின் விளிம்பைத் தடவினார். நிலையைத் தடவினார். மறுபடி கதவை. கிருதா வெட்டிப் பழகிய கை. அதற்கு அளவு தெரியும்.

“மழைகூட இல்லையே மாமா. கதவு எப்படி வளர்ந்துச்சு?”

“கதவு வளராது மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை நிலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஒரு குழந்தை கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்: “சீவிக் கொடுத்திடுங்களேன் மாமா. ரெண்டு விரல்தானே?”

இழைப்புளி தன் பெட்டியைப் பார்த்தார். சீவியிருந்தால் இந்தக் கதவு இந்நேரம் அழகாக உள்ளே போயிருக்கும். சாத்தியிருக்கும். ஒரு சத்தம் போட்டிருக்காது. “மாட்டேன்” என்றார்.

மேலே நிலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து மெல்லிய தூள், சர்க்கரை கொட்டுவதுபோல், கதவின் தலையில் விழத் தொடங்கியது. நின்றது. மறுபடி விழுந்தது. காலுக்கடியில் எங்கோ ஆழத்தில், தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போன்ற ஒரு சத்தம்.

மாப்பிள்ளை கதவை விட்டார். ஓடினார். உதவிக்கு இருந்த ஆள் முன்கடையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் நுரையோடு அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். உதவியாளும் கத்தியோடு வெளியே வந்தான். “எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க!” என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்.

அவர்கள் நுரை முகத்தைப் பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து, “என்னப்பா, கோணல் கட்டிங் போய் இப்ப பாதிச் சவரமா?” என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. ஒரே ஒருவர் எழுந்தார். அவரும் சிரிப்பதற்காகத்தான்.

இழைப்புளி அங்கே நிற்கவில்லை. அந்தக் கோட்டில் இருந்த வீடுகள் எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அந்தக் கோடையில் அவர் சீவிய கதவு. முனகாமல், உரசாமல், தண்ணீர் விலகுவதுபோல் திறந்தது. வீட்டுக்காரம்மா கரண்டியோடு நின்றாள்.

“அட, வாங்க! கதவு அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. பாருங்க, காத்துக்கே திறக்குது. உங்க கை பட்டா பட்டதுதான்” என்று அவள் கதவைச் சாத்தித் திறந்து காட்டினாள். “என்ன விஷயம்? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க.”

“நான் உள்ள வரலைம்மா” என்றார் இழைப்புளி. “அடுப்பை அணைச்சிட்டு நீங்க வெளிய வாங்க.”